இஸ்தான்புல் பள்ளிவாசல்களும் நம் மரபுச் சண்டையும்

(வட்டத்தின் திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இஸ்தான்புல்லில் ஒன்பது நாள் தங்கி வந்ததைப் பற்றிப் பேச வேண்டுமெனச் செயலாளர் பணித்தபோது நான் சற்றுத் தயங்கினேன். பயணக் கட்டுரை என்னும் பெயரில் விமான நிலையத்தின் பளபளப்பில் தொடங்கி உணவு விடுதியின் விலைப்பட்டியலில் முடியும் எழுத்துகளை நாம் போதிய அளவு படித்துவிட்டோம். அதில் இன்னொன்றைச் சேர்க்கும் எண்ணம் எனக்கில்லை. ஆயினும் சென்ற கவியரங்கின் இறுதியில் எழுந்த வாக்குவாதம் நினைவுக்கு வந்தது. கம்பனுக்குப் பிறகு விருத்தம் எழுதுவானேன் என்று இளங்கவிஞர் ஒருவர் கேட்டார். கம்பனைக் கல்லாதவன் பேனாவைத் தொடலாகாது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் மறுமொழி கூறினார். மண்டபத்துக் காவலர் விளக்கை அணைக்க வந்தமையால் கூட்டம் கலைந்ததேயன்றி வழக்கு முடியவில்லை. அதே வழக்கைக் கல்லாலும் சுண்ணத்தாலும் நடத்திய ஊர் ஒன்றைப் பார்த்து வந்திருக்கின்றேன். ஆகவே பள்ளிவாசல்களைப் பற்றிப் பேசுவதுபோல நம் சண்டையைப் பற்றியும் சிறிது பேசலாம் எனத் துணிந்தேன்.

இஸ்தான்புல்லில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் உள்ளன. ஒன்பது நாளில் பதினொன்றைப் பார்த்தேன். அவற்றுள்ளும் ஐந்தாறைப் பற்றியே இங்குச் சொல்லப் போகின்றேன். விடுபட்டவற்றுள் மிகப் புகழ்பெற்றவையும் உண்டு. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அந்நகரில் எந்தக் கட்டடக் கலைஞன் வேலைக்கு வந்தாலும் அவனுக்கு முன்பே அங்கு ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதுதான் ஆயா சோபியா. கிரேக்க மொழியில் 'புனித ஞானம்' என்பது அப்பெயரின் பொருள். 532-ஆம் ஆண்டு நகரில் எழுந்த கலகத்தில் பழைய தேவாலயம் எரிந்து போக, பேரரசர் ஜஸ்டினியன் புதியதைக் கட்டத் தொடங்கினார், 537-இலேயே திறந்துவிட்டார். ஆறாண்டு முழுதாக ஆகவில்லை. கட்டியவர்கள் திராலெஸ் ஊர் அந்தெமியசும் மிலேத்தஸ் ஊர் இசிதோரும். இருவரும் வடிவக் கணிதம் கற்றவர்கள். ஏறத்தாழ 31 மீட்டர் அகலமுள்ள குவிமாடத்தை, தரையிலிருந்து 55 மீட்டர் உயரத்தில், நான்கு பெருவளைவுகளின் மேல் நிறுத்தினார்கள். அதன் அடிவிளிம்பில் நாற்பது சாளரங்கள். காலை வெயில் அவற்றின் வழியே வரும்போது விளிம்பு கண்ணிலிருந்து மறைந்துபோகிறது; மாடம் எதன்மேல் நிற்கிறதென்று சொல்ல முடிவதில்லை. கீழ்வானில் மேகம் பிரிந்து நிற்கும்போது மலையுச்சி மட்டும் தனியே மிதப்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அத்தகைய காட்சி அது.

தூண்களில் வளர்ந்தவன் நான். நம் கோயில் மண்டபமும், கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலும் கல்தூண்களை வரிசையாக நிறுத்திக் கூரையைச் சுமப்பவை. அங்கே எடை கண்ணுக்குத் தெரியும். இன்ன கல் இன்ன கல்லைத் தாங்குகிறது என்று சிறுவனும் விரல் நீட்டிச் சொல்லிவிடுவான். இங்கோ நடுவெளி முழுதும் வெறுமையாக இருக்கிறது. எடை எங்கே போயிற்று என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எடை சும்மா போய்விடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 558-இல் குவிமாடம் இடிந்து விழுந்தது. மூத்த இசிதோரின் உறவினரான இளைய இசிதோர் அதனை முன்னினும் சுமார் இருபதடி உயர்த்திக் கட்டினார். உயர்த்தினால் பக்கத்தில் தள்ளும் விசை குறையும். 562-இல் பணி முடிந்தது. மீண்டும் திறந்த விழாவுக்காகப் பவுல் என்னும் அரண்மனை அலுவலர் அக்கட்டடத்தை வருணித்து நெடும்பாடல் ஒன்றை இயற்றினார். கட்டடம் திறக்கக் கவிஞனை அழைக்கும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது என்பதை நம் செயலாளர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் 989-இல் நிலநடுக்கத்தால் மேற்குப் பக்கம் சரிந்தது. ஆர்மீனியக் கட்டடக் கலைஞர் திர்தாத் சீர்செய்தார். 1346-இல் கிழக்குப் பக்கம் சரிந்தது, அதையும் கட்டினார்கள். ஆகவே நாம் அண்ணாந்து பார்க்கும் ஒரே மாடத்தில் மூன்று காலத்துக் கைகள் இருக்கின்றன. முழுதாய் வானிலிருந்து இறங்கியது எனப் போற்றப்படும் பழம்பாடல் ஒன்றில் இடைச்செருகலும் பாடபேதமும் எவ்வளவு என்று பதிப்பாசிரியர் கணக்குப் பார்ப்பது போன்றது அதன் வரலாறு. ஆனால் இந்த இடைச்செருகல்கள் இல்லாவிடில் பாடலே இல்லை.

1453 மே 29-இல் சுல்தான் இரண்டாம் முகமது நகரைக் கைப்பற்றினார். ஆயா சோபியாவுக்குள் அவர் நுழைந்தபோது தரைப் பளிங்கைப் பெயர்த்துக்கொண்டிருந்த படைவீரன் ஒருவனைத் தடுத்து அடித்தார் என்று அக்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் தூக்காஸ் எழுதியிருக்கிறார். சுற்றுக் கட்டடங்களின் சிதைவைக் கண்டு அவர் பாரசீகக் கவிதை ஒன்றின் இரண்டடியைச் சொன்னதாகத் துருக்கிய வரலாற்றாசிரியர் தூர்சுன் பேக் எழுதியிருக்கிறார். வென்றவருக்கு அந்த நேரத்தில் கவிதை நினைவுக்கு வந்தது என்பதை வைத்து அன்று நகர மக்கள் பட்ட துன்பத்தை நாம் மறக்கலாகாது. மூன்று நாள் கொள்ளைக்கு நகரைத் திறந்துவிடுவது அக்காலப் போர்வழக்கு. இரண்டையும் ஒருசேர நினைவில் வைக்கத்தான் வேண்டும்.

தேவாலயம் பள்ளிவாசலாயிற்று. ஆனால் மண்ணோவியங்கள், அதாவது பொன்னும் வண்ணமும் பூசிய கண்ணாடித் துண்டுகளால் இழைத்த சுவரோவியங்கள், உடனே யாவும் மூடப்படவில்லை. பல உருவங்கள் சில நூற்றாண்டுக் காலம் கண்ணுக்குத் தெரிந்தபடியே இருந்தன. படிப்படியாகத்தான் சுண்ணம் ஏறியது. கட்டடத்தின் நெடுக்கு அச்சு ஒரு திசையைப் பார்க்கிறது; மக்கா இருப்பதோ அதிலிருந்து சற்றே தெற்கு ஒதுங்கிய திசை. ஆகவே மிஹ்ராப் மாடம் நடு அச்சில் இல்லாமல் வலப்புறம் விலகி இருக்கிறது. மிம்பர் மேடையும் அதனோடு திரும்பி நிற்கிறது. மேல்மாடத்திலிருந்து பார்த்தால் விரிப்பில் ஓடும் தொழுகைக் கோடுகள் கட்டடத்திற்குச் சிறிது சாய்வாக ஓடுகின்றன. நான் மிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். பிறர் கட்டிய யாப்புக்குள் தன் பொருளைச் சொல்ல வந்தவன் யாப்பை உடைக்கவில்லை. தன் திசையையும் விடவில்லை. அந்தச் சில பாகைச் சாய்வு ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே இருக்கிறது.

இவ்விடத்தில் நம் மொழியை நினைத்துக்கொண்டேன். 'பள்ளி' என்னும் சொல் சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்தது. கல்வி கற்பிக்கும் இடத்தைக் குறித்தது. இறுதியில் இஸ்லாமியரின் தொழுகை இடத்துக்கும் ஆயிற்று. யாரும் அதன் பழைய பொருளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப்பொருளை ஊற்றவில்லை. சொல்லுக்கு அந்த வசதி உண்டு. கல்லுக்கு அவ்வளவு இல்லை.

இனி, இந்த உரையின் நாயகருக்கு வருகின்றேன். சினான் என்பது அவர் பெயர். அனதோலியாவில் கைசேரி நகருக்கு அருகே கிறித்தவக் குடும்பத்தில், 1490-ஐ ஒட்டிப் பிறந்தவர். அக்காலத்தில் உதுமானிய அரசு கிறித்தவச் சிறார்களைத் திரட்டி, இஸ்லாத்தில் சேர்த்து, அரசுப் பணிக்குப் பயிற்றும் முறை ஒன்றை வைத்திருந்தது. அப்படிச் சேர்க்கப்பட்டுப் படைவீரராகிப் பல போர்களுக்குச் சென்றவர். படை ஆற்றைக் கடக்கப் பாலம் அமைத்துப் பேர் வாங்கி, ஏறத்தாழ ஐம்பது வயதில் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆனார். நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கத் தொடங்கும் வயது அது. அதன்பின் 1588-இல் இறக்கும்வரை, மூன்று சுல்தான்களின் காலத்தில், அப்பதவியில் இருந்து நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குப் பொறுப்பேற்றார்.

இவர் முத்திரையில் பொறித்திருந்தது 'ஏழையும் எளியவனுமாகிய சினான்' என்னும் கருத்துடைய தொடர். நம் புலவர்களின் அவையடக்கம் போலத்தான். அவையடக்கம் பாடிய புலவர்கள் அதன்பின் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இவரும் அதையே செய்தார்.

முதற்பெரும் படைப்பு ஷெஹ்ஸாதே பள்ளிவாசல். சுல்தான் சுலைமானின் மகன் இளவரசர் முகமது 1543-இல் இளவயதில் மறைய, அவர் நினைவாகக் கட்டி 1548-இல் முடித்தது. ஆயா சோபியாவில் நடுமாடத்தை இருபுறம் இரண்டு அரைமாடங்கள் தாங்குகின்றன. சினான் நான்கு புறமும் நான்கு அரைமாடங்கள் வைத்தார். கணக்கு முழுமையாயிற்று, எந்தத் திசையில் நின்றாலும் ஒரே காட்சி. மலர்ந்த நாலிதழ்ப் பூவின் நடுவில் நிற்பது போலிருந்தது. எனக்கென்னவோ அம்முழுமையில் சற்றுச் சலிப்புத் தட்டியது. மோனையும் எதுகையும் பிசகாத செய்யுளைப் படித்து முடித்தபின் ஒருவகை அமைதி வருமே, அது. சினானே இதனைத் தம் பயிற்சிக்காலப் படைப்பு என்றும், அடுத்ததாகிய சுலைமானியாவைத் தேர்ச்சிக்காலப் படைப்பு என்றும், எதிர்னே நகரின் செலிமியேவை ஆசான்நிலைப் படைப்பு என்றும் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு.

சுலைமானியாவுக்கு நான் மூன்று முறை சென்றேன். 1550-இல் தொடங்கி 1557-இல் முடிந்தது. நகரின் மேடான பகுதியில், பொற்கொம்பு எனப்படும் கடற்கழியை நோக்கி நிற்கிறது. கழியில் படகில் வரும்போது பெருமாடத்தின் அடியில் அரைமாடம், அதனடியில் சிறுமாடங்கள், அவற்றினடியில் மத்ரஸாக்களின் கூரைகள் என்று குன்றின் சரிவோடு சரிவாக இறங்கி வருவதைக் காணலாம். பள்ளிவாசலைச் சுற்றி மத்ரஸாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கு உணவளித்த சமையற்கூடம், குளியலகம் யாவும் ஒரே வக்பு நிலையத்தின் உறுப்புகளாக அமைக்கப்பட்டன. கட்டுமானக் கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்தவர்கள் கண்டது: வேலை செய்தோரில் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் ஏறத்தாழச் சரிபாதி.

இங்கேதான் நம் வழக்குக்கு வருகிறோம். ஷெஹ்ஸாதேவில் நான்கு அரைமாடங்கள் வைத்துத் தம் வழியைக் கண்டுகொண்ட சினான், சுலைமானியாவில் வேண்டுமென்றே ஆயா சோபியாவின் வடிவத்துக்குத் திரும்பினார். நடுவே ஒரு பெருமாடம். இருபுறம் இரண்டே அரைமாடம். மற்ற இரு புறமும் சாளரங்கள் நிறைந்த வளைவுச் சுவர். முன்னோனின் யாப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதே கேள்வி.

ஆயா சோபியாவின் பக்கவாட்டில் இரண்டு அடுக்காகத் தூண்வரிசை நிற்கிறது. நடுவில் நிற்பவருக்குப் பக்கத்து அறைகள் இருண்ட ரகசியமாகவே இருக்கும். சினான் அந்தத் திரையை விலக்கினார். நான்கு பெருந்தாங்கிகளுக்கு இடையே பக்கத்துக்கு இரண்டாக நான்கே கருங்கல் தூண்களை நிறுத்தினார். சுவர்முதல் சுவர்வரை கண் தடையின்றிச் செல்கிறது. கடைசி வரிசையில் நின்று தொழுபவருக்கும் நடுவெளி முழுதும் தெரிகிறது. வெளித் தள்ளுவிசையைத் தாங்கும் முட்டுச்சுவர்களைச் சுவரோடு சுவராக்கி, அவற்றின் இடைவெளிகளை நடைமாடங்களாக மாற்றிவிட்டார். பழைய கட்டடம் வியப்பூட்டுகிறது. இது விளங்குகிறது. எடை எங்கே போகிறதென்று தேட வேண்டியதில்லை. கண்ணே இறங்கி வந்து காட்டிக் கொடுத்துவிடும். மாடம் சிறியதுதான், 26 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆயா சோபியாவைவிட அகலத்தில் குறைவு. ஆயினும் உள்ளே நின்றால் அங்கு வாய்பிளந்து நின்றதுபோல் நிற்கத் தோன்றவில்லை. உட்காரத் தோன்றியது. விரிப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைப்போல் பலர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜஸ்டினியன் தம் தேவாலயத்தைக் கண்டு, ஜெருசலேம் ஆலயத்தைக் கட்டிய சாலமோனைத் தாம் வென்றுவிட்டதாகக் கூவினார் என்று ஒரு பழங்கதை வழங்குகிறது. அந்தச் சாலமோன்தான் சுலைமான் நபி. ஆயிரமாண்டு கழித்து அதே ஊரில் சுலைமான் என்னும் பெயருடைய சுல்தான் மறுமொழி கூறியிருக்கிறார். இந்தச் சுல்தானும் நம் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். 'முஹிப்பி' என்னும் புனைபெயரில் ஆயிரக்கணக்கான கசல்கள் எழுதியவர். அவருடைய கல்லறையும் மனைவி ஹுர்ரெமின் கல்லறையும் பள்ளிவாசலின் பின்புறத் தோட்டத்தில் உள்ளன.

சுலைமானியாவில் அலங்காரம் குறைவு. மிஹ்ராப் சுவரில் மட்டும் ஓடுகள். அதற்குமேல் வண்ணக்கண்ணாடிச் சாளரங்கள். செய்தவர் 'குடிகார இப்ராஹிம்' என்று பேர்பெற்ற கலைஞர் என்கிறார்கள். தொழுகை இடத்துக்குக் கண்ணாடி செய்தவருக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. கவிஞர் கூட்டத்தில் இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசுவது நன்றன்று. எழுத்தணி அஹ்மத் கராஹிஸாரியின் மரபில் வந்தது. ஒரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். அந்நாளில் எண்ணெய் விளக்குகள் ஏராளமாக எரிந்தன. காற்று வாசலை நோக்கி இழுக்கப்படும்படி அமைத்து, வாயிலின் மேலுள்ள அறையில் விளக்குக் கரி சேரும்படி செய்து, அந்தக் கரியை மையாக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. தொழுகை விளக்கின் புகை எழுதுவோனின் பேனாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்து ருஸ்தம் பாஷா பள்ளிவாசல். சிறியது. மசாலாக் கடைத்தெருவை ஒட்டிய நெரிசலில், கடைகளின் தலைமேல் மேடையிட்டுக் கட்டப்பட்டது. தெருவில் பார்த்தால் கதவு கண்ணில் படாது. படியேறிப் போனால்தான் திறந்த முற்றம் தெரியும். கீழுள்ள கடைகளின் வாடகை மேலுள்ள தொழுகையிடத்தின் செலவுக்கு. உள்ளே சென்றதும் சுவர் இல்லை, தோட்டந்தான் இருக்கிறது எனலாம். இஸ்னிக் நகரில் சுட்ட ஓடுகள், நீலத்திலும் வெண்மையிலும், நடுவே ஒரு சிவப்பு. அச்சிவப்பு ஓட்டின் மேல் சற்றே புடைத்து நிற்கும். ஒருவகைச் செம்மண்ணால் ஆனது. அதைச் சுடும் பக்குவம் அடுத்த நூற்றாண்டில் கைவிட்டுப் போயிற்று. இந்த ருஸ்தம் பாஷா சுல்தானின் மருமகன், தலைமை அமைச்சர், பணத்தில் கெட்டி. கவிஞர்களைக் கண்டால் ஆகாதவர் என்றும் பேர். 1553-இல் இளவரசர் முஸ்தபா கொல்லப்பட்டபோது தஷ்லிஜாலி யஹ்யா என்னும் கவிஞர் இரங்கற்பா எழுதிப் பழியை இவர்மேல் சுமத்த, கவிஞர் தம் பதவியை இழந்தார். உயிர் தப்பியதே பெரிது. துருக்கி இலக்கியத்தில் அந்த இரங்கற்பா இன்றும் வாழ்கிறது. பாஷாவின் பள்ளிவாசலும் வாழ்கிறது. நகரிலேயே மிக அழகிய ஓடுகள் கவிஞர்களை வெறுத்தவர் பெயரில் இருப்பதை நாம் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, உலகமே அறிந்த சுல்தான் அகமது பள்ளிவாசலைப் பற்றி எனக்குச் சொல்ல மிகுதியாக இல்லை. நீலப் பள்ளிவாசல் என்று சுற்றுலாக்காரர்கள் அழைப்பது. 1609-இல், பத்தொன்பது வயதுச் சுல்தான், ஆயா சோபியாவுக்கு நேர் எதிரே தொடங்கினார். கட்டியவர் சினானின் வழிவந்த முகமது ஆகா. இளமையில் சிப்பி இழைக்கும் கலை பயின்றவர். அந்தக் கை இதிலும் தெரிகிறது. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகள், ஆறு மினாராக்கள், ஷெஹ்ஸாதேவின் அதே நான்கு அரைமாடங்கள். மாடத்தைத் தாங்கும் தூண்கள் ஒவ்வொன்றும் ஐந்து மீட்டர் பருமன். அவற்றை 'யானைக்கால்' என்கிறார்கள். நம் ஊரில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டாகையால் நான் வழிகாட்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை. 'பொன்னால் மினாரா வை' என்று சுல்தான் சொன்னது கட்டடக் கலைஞர் காதில் 'ஆறு மினாரா வை' என்று விழுந்ததாம். துருக்கியில் பொன்னுக்கும் ஆறுக்கும் ஓரெழுத்து வேற்றுமை. கதைதான், ஆனால் சிலேடைக்காகவாவது நினைவில் வைக்கலாம். வெளித்தோற்றம் பேரழகு என்பதில் ஐயமில்லை. உள்ளே, அறுபதாண்டுக்கு முன் ஒருவர் முடித்துவிட்ட வாக்கியத்தை உரத்த குரலில் மீண்டும் சொல்வது போலத் தோன்றியது. இது என் கருத்து, மறுப்பவர்கள் உண்டு.

ஆக, முன்னோனை எதிர்கொள்ளும் இரு வழிகளை இதுவரை பார்த்தோம். எதிரே நின்று உரக்கச் சொல்வது ஒன்று. அவன் யாப்பையே எடுத்து அதற்குள் தன் தெளிவை வைப்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

1568-இல் சினான் எதிர்னேயில் செலிமியேவைத் தொடங்கினார். அவருக்கு அப்போது எண்பதை ஒட்டிய வயது. சினானின் வாழ்க்கைக் குறிப்புகளை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் சாயி முஸ்தபா செலெபி என்னும் கவிஞர். ஆயா சோபியாவின் மாடத்தைப் போல் இஸ்லாமிய நாட்டில் கட்ட ஆளில்லை என்று பிறர் சொன்னது தம் நெஞ்சில் தங்கியிருந்ததென்றும், செலிமியேவில் அதை அளவில் மிஞ்சிவிட்டதாகவும் சினான் சொன்னதாக அக்குறிப்பு கூறுகிறது. அளந்து பார்த்தவர்கள் கணக்கு வேறு. அகலத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம். தரையிலிருந்து உயரத்தில் ஆயா சோபியாவே மேல். அது கிடக்கட்டும். ஒரு முதியவர் வாழ்நாள் முழுதும் ஒரு கட்டடத்தோடு போட்டியிட்டிருக்கிறார், அது அவர் நெஞ்சை உறுத்தியிருக்கிறது என்பதே செய்தி.

அதே ஆண்டுகளில், 1573-இல், ஆயா சோபியா சாய்கிறது என்று சுல்தான் இரண்டாம் செலிமுக்குத் தெரிவிக்கப்பட்டது. சீர்செய்யும் பொறுப்பு தலைமைக் கட்டடக் கலைஞராகிய சினானிடமே வந்தது. சுற்றிலும் சுவரோடு ஒட்டிக் கட்டப்பட்டிருந்த வீடுகளை அகற்றினார். பெரும் முட்டுச்சுவர்களை எழுப்பியும் வலுப்படுத்தியும் அடித்தளத்தைக் காப்பாற்றினார். மேற்குப் புறத்தில் இரண்டு கனத்த மினாராக்களைச் சேர்த்தார். ஒருகையால் செலிமியேவின் மாடத்தை உயர்த்தியவர், மறுகையால் தாம் மிஞ்ச விரும்பிய மாடம் விழாமல் முட்டுக் கொடுத்தார். அந்த முட்டுச்சுவர்களுக்கு அழகில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஆயா சோபியாவைக் கனத்த, அவலட்சணமான குவியல் என்று சொல்வதற்கு அவையும் ஒரு காரணம். ஆனால் அதன்பின் நகரம் பல நிலநடுக்கங்களைக் கண்டது. 1766-இல் நேர்ந்ததில் இரண்டாம் முகமது தம் பெயரால் கட்டிய ஃபாத்திஹ் பள்ளிவாசலே இடிந்து, மீண்டும் கட்டப்பட்டது. ஆயா சோபியா நின்றது. 1999-இலும் நின்றது.

போட்டியாளனின் பாடலைப் பிழையறப் பதிப்பித்துக் கொடுத்த புலவரை உங்களில் யாரேனும் அறிவீர்களாயின் அவர் பெயரை எனக்குச் சொல்லுங்கள்.

பிற்காலத்தவர் எல்லாரும் சினானைப் பின்பற்றினார்களா என்றால், பாதி. 1847 முதல் 1849 வரை சுல்தான் அப்துல் மஜீதின் ஆணையில் பொசாத்தி சகோதரர்கள் என்னும் இரு சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர்கள் சீர்செய்தபோது, சுண்ணத்துக்கடியில் இருந்த மண்ணோவியங்களைத் திறந்து, படியெடுத்து, மீண்டும் மூடினார்கள். அதே காலத்தில்தான் கஸஸ்கர் முஸ்தபா இஸ்ஸத் எழுதிய ஏழரை மீட்டர் அகலமுள்ள எட்டு வட்ட எழுத்துப் பலகைகள் மேலேறின. 1934-இல் துருக்கி அமைச்சரவை அக்கட்டடத்தை அருங்காட்சியகமாக்க முடிவுசெய்தது, 1935-இல் திறந்தார்கள். பலகைகளை இறக்கினார்கள். வெளியே கொண்டுபோகப் பார்த்தால் எந்த வாசலிலும் நுழையவில்லை! சுவரில் சாய்ந்து கிடந்து 1949-இல் மீண்டும் மேலேறின. எழுத்து தன் இடத்தைத் தானே காத்துக்கொண்ட நிகழ்ச்சி இது.

2020 ஜூலையில் நீதிமன்றத் தீர்ப்பொன்றின் பேரில் ஆயா சோபியா மறுபடியும் பள்ளிவாசலாயிற்று. உலகெங்கும் வாதம் எழுந்தது. தொழுகை நடப்பதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஐந்நூறு ஆண்டுக்கு அண்மையில் தொழுகை நடந்த இடம் அது. பாங்கொலி கேட்டு வரிசைகள் நேராகும்போது அக்கட்டடம் உயிரோடிருப்பது தெரிகிறது. என் வருத்தம் வேறு. கிழக்குப் பிறைமாடத்தில் குழந்தையை மடியில் ஏந்திய மரியாளின் உருவம் 867-ஆம் ஆண்டு அமைந்தது. அதன்முன் 2020-க்குப் பிறகு துணித்திரை கட்டியிருக்கிறார்கள். சுண்ணத்தினும் துணி நல்லது என்பேன். துணியை என்றாவது விலக்கலாம். 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பார்வையாளருக்குத் தனி வாசல், இருபத்தைந்து யூரோ கட்டணம், மேல்மாடம் மட்டும். தொழ வருவோருக்குக் கீழே. முன்பு ஒரே தரையில் ஒருவர்தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தவர்கள் இப்போது இரு வாசல்களில் பிரிந்து நிற்கிறார்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் தரைப் பளிங்கைக் காக்கவும் இது தேவை என்கிறார்கள். இருக்கலாம். 2025-இல் குவிமாடத்தை நிலநடுக்கத்துக்கு எதிராக வலுப்படுத்தும் பணியும் தொடங்கியது. சினானின் வேலை இன்னும் முடியவில்லை போலும்.

மேல்மாடத்தில் ஒரு பளிங்குக் கைப்பிடிச் சுவரில், வடநாட்டு வீரன் ஒருவன் தன் எழுத்தில் கீறிவிட்டுப் போன பெயர் இருக்கிறது. ஹால்ப்தான் என்று படித்திருக்கிறார்கள். பேரரசரின் மெய்க்காவல் படையில் கூலிக்கு நின்றவனாக இருக்கலாம். நீண்ட வழிபாட்டில் பொழுது போகாமல் கத்திமுனையால் எழுதியிருப்பான். ஆயிரம் ஆண்டாக அதையும் யாரும் அழிக்கவில்லை.

கடைசி நாள் மாலை சினானின் கல்லறைக்குப் போனேன். சுலைமானியாவின் மதிலுக்கு வெளியே, இரு தெருக்கள் கூடும் மூலையில், முக்கோணத் துண்டு நிலம். சுல்தான்களுக்கு மாடமெழுப்பியவருக்குப் பெருமாடம் இல்லை; தூண்கள் மேல் சிறு கல்விதானம் மட்டும். முனையில் வழிப்போக்கருக்கு நீர் வழங்கும் சிறு மண்டபம் ஒன்று, நம் தண்ணீர்ப் பந்தலைப் போல. தெருவோரச் சுவரில் கல்லறைப் பாடல். எழுதியவர் அதே சாயி. சுலைமானுக்குக் கட்டிய பள்ளிவாசலைச் சொல்கிறார். நகருக்கு நீர் கொண்டுவந்த வாய்க்கால்களைச் சொல்கிறார். செக்மஜே நீர்ப்பரப்பின்மேல் போட்ட பாலத்தைச் சொல்கிறார். ஆயா சோபியாவை மிஞ்சிய பேச்சு அந்தப் பாடலில் இல்லை. மறுநாள் விமானத்துக்கு நேரமிருந்ததால் அந்தப் பாலத்தைப் போய்ப் பார்த்தேன். நான்கு கூன்களாக ஏறி இறங்கிச் செல்கிறது. மூன்று பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.